தோளுக்குள் ஓயாத இடிப்பு வேலை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் தோள்வலி பற்றிய குறிப்பில், "ஓய்வின்றி ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் தோளில் தசைநாணைக் கரைக்கும் நொதிகள் மிகுதியாகச் சுரக்கின்றன" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த வரியைப் பிடித்துக்கொண்டவை. விளக்காமல் விட்டது என் பிழை என்பதால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

*கேள்வி: இருபது ஆண்டுகளாகச் சுவர்களுக்கும் கூரைகளுக்கும் வண்ணம் பூசும் தொழில் செய்கிறேன். ஓராண்டாக வலது கையைப் பக்கவாட்டில் தூக்கினால் பாதி உயரத்தில் சுரீர் என்று வலிக்கிறது. இரவில் அந்தப் பக்கம் படுக்க முடிவதில்லை. ஸ்கேன் எடுத்ததில் தசைநாண் நைந்திருப்பதாகச் சொன்னார்கள். நொதி என்றால் உணவைச் செரிக்க வைப்பது என்றுதான் பள்ளியில் படித்தேன். அது தோளுக்குள் எப்படி வந்தது? என் உடம்பே என் தோளைத் தின்கிறதா?*

பதில்: நொதி என்பது உடலில் நடக்கும் வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம். உணவைச் செரிப்பது அதன் எத்தனையோ வேலைகளில் ஒன்று. பழையதை அறுத்துப் புதியதைப் பின்ன வேண்டியிருக்கும் எல்லாத் திசுக்களிலும் அந்தந்த வேலைக்கான நொதிகள் இருக்கின்றன. தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணிலும் இருக்கின்றன.

உங்கள் தோளில் நான்கு தசைகளின் நாண்கள் ஒன்றாகச் சேர்ந்து, மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை ஒரு உறைபோலச் சூழ்ந்து, அதைக் குழியை விட்டு நழுவாமல் நிறுத்துகின்றன. ஆங்கில வழக்கில் இதை ரொட்டேட்டர் கஃப் என்பார்கள். இந்த நான்கில் மேலே இருப்பது சுப்ராஸ்பைனேட்டஸ். தோள்பட்டை எலும்பின் மேற்புறத்தில் புறப்படும் அந்தத் தசையின் நாண், தோளுக்குக் கூரைபோல் நீண்டிருக்கும் எலும்பு முனையின் அடியில், குறுகலான இடைவெளி வழியே நுழைந்து வந்து மேற்கை எலும்பின் தலையில் பதிகிறது. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது சுமார் 60 பாகையில் வலி தொடங்கி, 120 பாகையைத் தாண்டியதும் குறைந்துவிடுகிறது என்றால், பெரும்பாலும் இந்த நாணைத்தான் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதும் ஏறத்தாழ அதுவே.

இனி அந்த நாணைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நீரை நீக்கிவிட்டு எடைபோட்டால், தசைநாணில் 60 முதல் 85 சதவீதம் கொலாஜன் என்ற புரதம். மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று இறுக்கமாக முறுக்கிக்கொண்ட கயிறுதான் ஒரு கொலாஜன் மூலக்கூறு. அதன் நீளம் சுமார் 300 நானோமீட்டர். இப்படிப்பட்ட கயிறுகள் பக்கம் பக்கமாக அடுக்கப்பட்டு நுண்ணிழையாகி, நுண்ணிழைகள் கட்டுக் கட்டாகச் சேர்ந்து நாணாகின்றன. அந்தக் கட்டுகளுக்கு நடுவே, இழைகளின் திசையிலேயே நீண்டு மெலிந்த செல்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நாணைப் பின்னுவதும் பழுதுபார்ப்பதும் இந்தச் செல்கள்தான்.

இந்த முறுக்குக் கயிற்றைச் சாதாரணச் செரிமான நொதிகளால் கடிக்க முடியாது. முறுக்கின் இறுக்கத்தில் பல் பதிய இடமில்லை. அப்படியானால் உடல் தன் பழைய கொலாஜனை எப்படி அகற்றுகிறது என்பது நெடுநாள் விளங்காமல் இருந்தது. 1962-இல் ஜெரோம் கிராஸ், சார்ல்ஸ் லாப்பியேர் என்ற இரு ஆய்வாளர்கள் அதற்கு விடை கண்ட இடம் தவளைக் குஞ்சின் வால். தலைப்பிரட்டை தவளையாக மாறும்போது வால் முழுவதும் கரைந்து மறைந்துவிடுகிறது அல்லவா? அந்த வாலின் சிறு துண்டுகளை வெண்மையான கொலாஜன் கூழின் மேல் வைத்தார்கள். துண்டைச் சுற்றியிருந்த கூழ் கரைந்து தெளிந்தது. முறுக்கிய கொலாஜனையே வெட்டும் நொதி ஒன்று இருக்கிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. எளிய சோதனைதான், ஆனால் எனக்கு மிகவும் பிடித்த சோதனைகளில் ஒன்று.

அந்த வகை நொதிகளுக்கு மேட்ரிக்ஸ் மெட்டல்லோபுரோட்டினேஸ் என்று பெயர், சுருக்கமாக எம்.எம்.பி. வெட்டும் முனையில் ஒரு துத்தநாக அணு இருப்பதால் பெயரில் உலோகம் சேர்ந்துகொண்டது. மனித உடலில் இவற்றில் 23 வகைகள் உள்ளன. அவற்றில் 1, 8, 13 ஆகிய எண்களுக்குரியவை முறுக்கிய கொலாஜன் கயிற்றைக் குறிப்பிட்ட ஒரே இடத்தில் வெட்டுகின்றன. முக்கால் பங்கு ஒன்று, கால் பங்கு ஒன்று என இரண்டு துண்டுகள் கிடைக்கும். வெட்டப்பட்ட துண்டுகள் உடல் வெப்பத்தில் முறுக்கவிழ்ந்து கூழாகிவிட, எம்.எம்.பி.-2, எம்.எம்.பி.-9 போன்றவை வந்து மிச்சத்தைச் சிறு துணுக்குகளாக்கி முடிக்கின்றன.

இவ்வளவு கூர்மையான கத்திகளை உடல் திறந்த நிலையில் விட்டுவைப்பதில்லை. செல் இவற்றை வெளியிடும்போது, நொதியின் ஒரு பகுதியே மடிந்து துத்தநாகத்தை மூடியிருக்கிறது. அந்த மூடி அகற்றப்பட்டால்தான் நொதி வேலை செய்யும். அதற்கும் மேலாக, டிம்ப் எனப்படும் நான்கு வகைத் தடுப்பான் புரதங்கள் அருகிலேயே இருந்து, வேலை முடிந்த நொதியைப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்கின்றன.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தலைக்கு மேல் உருளையைத் தூக்கி ஒரு கூரையைப் பூசி முடிக்கும்போது சுப்ராஸ்பைனேட்டஸ் நாணில் எங்கோ சில நுண்ணிழைகள் நெகிழ்கின்றன, சில அறுகின்றன. இது நோயல்ல, ஓடும் காலிலும் தூக்கும் கையிலும் நாள்தோறும் நடப்பது. செல்கள் எம்.எம்.பி.க்களை விட்டு அறுந்ததை நறுக்கி அகற்றிவிட்டு, அந்த இடத்தில் புதிய கொலாஜனைப் பின்னுகின்றன. அறுப்பது விரைவான வேலை, பின்னுவது மெதுவான வேலை. பின்னல் முடியும் முன்பே மறுநாள் அடுத்த கூரை, அதற்கு மறுநாள் இன்னொன்று என்று ஆண்டுக்கணக்கில் போகும்போது, அறுப்பு முந்திக்கொள்கிறது. அவசரத்தில் பின்னப்படும் இழையும் முதல்தரமானதாக இருப்பதில்லை. உறுதியான முதல் வகைக் கொலாஜனுக்குப் பதிலாக, புண் ஆறும் இடங்களில் காணப்படும் மெல்லிய மூன்றாம் வகை கூடுதலாகச் சேர்கிறது, இழைகளின் வரிசையும் குலைகிறது. உங்கள் ஸ்கேனில் "நைந்தது" என்று எழுதப்பட்டிருப்பது இந்த நிலையைத்தான்.

அறுந்துபோன சுப்ராஸ்பைனேட்டஸ் நாண்களை ஆராய்ந்தவர்கள், எம்.எம்.பி.-1 கூடுதலாகச் செயல்படுவதையும் முறுக்கவிழ்ந்த கொலாஜன் மிகுந்திருப்பதையும் கண்டார்கள், எம்.எம்.பி.-13 கூடியிருந்ததை வேறு ஆய்வுகள் காட்டின. எல்லா நொதியும் ஒருசேரக் கூடிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும்: எம்.எம்.பி.-3 குறைந்தே இருந்தது. ஆகவே "உடம்பு தோளைத் தின்கிறது" என்பதைவிட, பழுதுபார்க்கும் கூட்டத்தில் இடிப்பவர்களுக்கும் கட்டுபவர்களுக்கும் இடையே இருந்த ஒழுங்கு கெட்டுவிட்டது என்று புரிந்துகொள்வது உண்மைக்கு நெருக்கமானது.

*கேள்வி: கல்லூரி நீச்சல் அணியில் இருக்கிறேன். தோள்வலிக்கு மூன்று மாதம் நீரில் இறங்கவே கூடாது என்கிறார் ஒருவர். வலியோடு நீந்திப் பழகிவிட்டால் சரியாகும் என்கிறார் இன்னொருவர். நொதிகளின் கணக்கில் பார்த்தால் யார் சொல்வது சரி?*

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. முதலாமவர் சொல்வது ஏன் தவறு என்பதுதான் சுவையானது என்பதால் அதில் கொஞ்சம் நிற்கிறேன்.

அளவுக்கு மீறிய உழைப்பு நாணைக் கெடுக்கும் என்பதில் ஐயமில்லை. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த எலி ஆய்வு ஒன்றில், சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்த ஓடுபட்டையில் நிமிடத்துக்கு 17 மீட்டர் வேகத்தில், நாளுக்கு ஒரு மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் எலிகளை ஓடவிட்டார்கள். எலியின் தோளிலும் சுப்ராஸ்பைனேட்டஸ் நாண் எலும்புக் கூரையின் அடியில்தான் செல்கிறது. சில வாரங்களிலேயே அந்த நாண் தடித்து, இழை ஒழுங்கு குலைந்து, இழுவிசை தாங்கும் வலிமையும் குறைந்திருந்தது.

அப்படியானால் உழைப்பை அடியோடு நிறுத்திவிட்டால் நொதி அடங்கிவிடுமா? எலி வாலின் நாண் இழைகளை எடுத்து ஆய்வகத்தில் ஊட்டக் கரைசலில் தளர்வாக மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். இழுவிசை முற்றிலும் இல்லாமற்போன ஒரு நாளிலேயே, அதிலிருந்த செல்கள் கொலாஜனை வெட்டும் நொதியைப் பெருமளவில் உருவாக்கத் தொடங்கிவிட்டன. அதே இழைகளை மெதுவாக, தாளம் தவறாமல் இழுத்து இழுத்து விட்டபோது நொதி உற்பத்தி அடங்கியது. செல் தன்னைச் சுற்றியுள்ள இழையின் இறுக்கத்தை எந்நேரமும் உணர்ந்துகொண்டிருக்கிறது. இறுக்கம் போய்விட்டால், இந்த இழை பயனற்றது, அகற்றிவிடலாம் என்று எடுத்துக்கொள்கிறது.

உங்கள் தோளுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஒரு கிலோமீட்டர் நீந்தி முடிப்பதற்குள் ஒவ்வொரு தோளும் நூற்றுக்கணக்கான முறை சுழன்றுவிடுகிறது. அதில் ஒரு நுண்ணிழை அறுகிறது என்று வையுங்கள். அறுந்த இழையோடு ஒட்டியிருந்த செல்கள் திடீரென இழுவிசையை இழந்து தொய்ந்துபோகின்றன. உடனே நொதியை விடுகின்றன. அந்த நொதி, அருகில் நல்ல நிலையில் இருக்கும் இழைகளையும் அரிக்கக்கூடும். மிகையாக உழைத்த நாணுக்குள்ளேயே, உழைப்பே கிடைக்காத செல்களின் திட்டுகள் உருவாகின்றன என்பது இதன் பொருள். மூன்று மாதம் கையைத் தொங்கவிட்டால் அந்தத் தொய்வு நாண் முழுவதற்கும் பரவுமே தவிர, நோய் தீராது.

இரண்டாமவருக்கான மறுப்பு சுருக்கமானது. கடுமையான பயிற்சிக்குப் பிறகு தசைநாணில் கொலாஜன் அழிவும் உருவாக்கமும் இரண்டுமே கூடுகின்றன. ஆனால் முதல் 24 முதல் 36 மணி நேரம் வரை அழிவே மிஞ்சி நிற்கிறது, அதன் பிறகுதான் வரவு மேலோங்குகிறது. வலியைப் பொறுத்துக்கொண்டு தினமும் காலையும் மாலையும் நீந்துபவர், வரவு வரும் நேரத்தில் மறுபடியும் செலவு எழுதுகிறார்.

நடைமுறையில், நீந்தும் தொலைவை வெகுவாகக் குறைத்து, தோளைச் சுழற்றும் தசைகளுக்கும் தோள்பட்டை எலும்பை நிலைநிறுத்தும் தசைகளுக்கும் ரப்பர் பட்டையாலோ சிறு எடையாலோ, ஒருநாள் விட்டு ஒருநாள், மெதுவான அசைவுகளில் பயிற்சி கொடுக்கவேண்டும். பயிற்சியின்போது இலேசான வலி இருந்தால் தவறில்லை. மறுநாள் காலைக்குள் அது பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், வராவிட்டால் அடுத்த முறை எடையைக் குறைக்க வேண்டும். குறைந்தது 12 வாரமாவது இப்படிப் பொறுமையாகச் செய்தபிறகே பலனைப் பற்றி முடிவுக்கு வரலாம். ஒரு பிசியோதெரபிஸ்ட் உங்கள் கைவீச்சை நேரில் பார்த்துத் திட்டம் வகுத்துத் தருவது நல்லது.

*கேள்வி: தோள்வலிக்கு எனக்கு நொதி மாத்திரைகளே எழுதிக் கொடுத்தார்கள்: டிரிப்சின், கைமோடிரிப்சின், செராஷியோபெப்டிடேஸ் என்றெல்லாம் அட்டையில் இருக்கிறது. நொதிதான் நாணை அழிக்கிறது என்கிறீர்கள். நான் நொதியையே விழுங்குவது நெருப்பில் எண்ணெய் வார்ப்பதாகாதா?*

பதில்: அந்த அச்சம் வேண்டாம். முறுக்கிய கொலாஜனை வெட்டும் திறன் இந்த நொதிகளுக்கு இல்லை. உங்கள் நாணை அவை கரைத்துவிடப் போவதில்லை. வீக்கமுள்ள இடத்தில் தேங்கிய புரதக் கசிவை இவை உடைத்து வீக்கத்தைக் குறைக்கும் என்ற எதிர்பார்ப்பில்தான் தரப்படுகின்றன.

நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. நொதி ஒரு புரதம். விழுங்கிய புரதத்தைச் செரிப்பது குடலின் வேலை. சிறப்பு உறை பூசி வயிற்று அமிலத்தைத் தாண்டவைத்தாலும், முழு மூலக்கூறாக ரத்தத்தில் சேர்வது மிகச் சிறு பங்கே. அந்தச் சிறு பங்கு, ரத்த ஓட்டம் குறைந்த தசைநாணைப் போய்ச் சேர்ந்து அங்கே குறிப்பிடத்தக்க வேலை செய்யும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பட்டுப்புழுவின் குடலில் வாழும் பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட செராஷியோபெப்டிடேஸ், ஜப்பானில் பல ஆண்டுகள் பரவலாக விற்கப்பட்டு வந்தது; மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேலான பலனை நிறுவ முடியாத நிலையில், 2011-இல் அதைத் தயாரித்த நிறுவனமே அங்கே விற்பனையை நிறுத்திக்கொண்டது. நாட்பட்ட தோள் நாண் நைவுக்கு நான் இவற்றை எழுதுவதில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுத்துக்கொள்பவர்கள், தாமாக வாங்கி விழுங்கவே கூடாது.

*கேள்வி: மருந்தியல் படிக்கும் மாணவி நான். எம்.எம்.பி.தான் சிக்கல் என்றால், அதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்து நாணைக் காப்பாற்ற முடியாதா?*

பதில்: முயன்று பார்த்திருக்கிறார்கள், ஆனால் வேறொரு நோய்க்காக. புற்றுநோய்ச் செல்கள் பரவுவதற்கு எம்.எம்.பி.க்கள் வழிவெட்டிக் கொடுக்கின்றன என்பதால், அவற்றில் பலவற்றை ஒருசேரத் தடுக்கும் மாரிமாஸ்டாட் என்ற மருந்து 1990-களில் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. புற்றுநோயில் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. அது தந்த முக்கியமான பக்கவிளைவு எது என்று நினைக்கிறீர்கள்? மூட்டுவலியும் விறைப்பும். கைகளிலும் தோள்களிலும் தொடங்கி, தசைநாண் அழற்சியைப் போலவே தோற்றமளித்த வலி. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலும் சரியானது.

இடிப்பவர்களை முழுவதுமாக வெளியே அனுப்பிவிட்டால் பழைய இழை அகலாது, புதிய இழைக்கு இடம் கிடைக்காது. வலியில்லாத நல்ல நாணிலும் எம்.எம்.பி.க்கள் நாள்தோறும் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. சுப்ராஸ்பைனேட்டஸ் நாணில் இந்தப் புதுப்பிப்பு, மேற்கையின் பைசெப்ஸ் நாணைவிட விரைவாக நடக்கிறது என்பதும் தெரிந்ததே. வயதோடு கொலாஜனில் படியும் சில கறைப்பொருள்கள் அதில் குறைவாகச் சேர்ந்திருப்பதை வைத்து அதைக் கண்டறிந்தார்கள். இதற்கு நேர்மாறாக, குதிகால் நாணின் நடுப்பகுதி ஏறத்தாழ 17 வயதோடு உருவாகி முடிந்து, பிறகு புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று 2013-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 1950-களிலும் 60-களிலும் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பன் திசுக்களில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று அளந்து அதைக் கணித்தார்கள். ஒரு நாணைப் பற்றிச் சொல்வதை இன்னொரு நாணுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பதற்காக இதைக் குறிப்பிட்டேன்.

மருந்துப் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. டாக்சிசைக்ளின் என்ற பழைய ஆன்டிபயாடிக், கிருமியைக் கொல்லப் போதாத சிறிய அளவிலும் எம்.எம்.பி.க்களை மிதமாகத் தடுக்கிறது. ஈறு நோய்க்காக 20 மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருமுறை கொடுக்க 1998-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இசைவளித்தது. நாணைத் தைத்த எலிகளில் அது ஆறுதலை மேம்படுத்தியதாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. மனிதரின் தோளுக்கு அதைப் பரிந்துரைக்கும் அளவுக்கு அந்த வழி இன்னும் வளரவில்லை. உங்கள் தலைமுறை வேலை செய்ய வேண்டிய இடம் இது. எல்லா எம்.எம்.பி.யையும் அடக்காமல், மிகையாகிவிட்ட ஒன்றை மட்டும், நோயுள்ள திட்டில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும் அடக்குவது எப்படி என்பதே சிக்கலான முடிச்சு.

*கேள்வி: சிறுநீர்த் தொற்றுக்காக சிப்ரோஃபிளாக்சசின் சாப்பிட்ட சில நாட்களில் என் பழைய தோள்வலி திரும்ப வந்துவிட்டது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா? எனக்கு வயது 64.*

பதில்: இருக்கக்கூடும், உடனே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மருந்து சேர்ந்த ஃபுளோரோகுவினோலோன் குடும்பத்துக்கு, தசைநாண் அழற்சியும் அறுதலும் நேரலாம் என்ற கட்டமிட்ட எச்சரிக்கையை 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டாயமாக்கியது. அதிகம் பாதிக்கப்படுவது குதிகால் நாண் என்றாலும் தோளும் அந்தப் பட்டியலில் உண்டு. 60 வயதைக் கடந்தவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், சிறுநீரகம், இதயம், நுரையீரல் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். ஆய்வகத்தில் தசைநாண் செல்களோடு இந்த மருந்தைச் சேர்த்தபோது எம்.எம்.பி. உற்பத்தி கூடியது, ஏற்கெனவே நைந்த நாணில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை ஊகிக்கலாம். தொற்றுக்கு மாற்று மருந்து கிடைக்கும். நீங்களாகப் பாதியில் நிறுத்தாமல், மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். அதுவரை அந்தக் கையால் பளு தூக்க வேண்டாம்.

*கேள்வி: வலி மாத்திரை, ஸ்டீராய்டு ஊசி இரண்டும் நொதிகளைத்தானே அடக்குகின்றன? பிறகு ஏன் அவற்றையும் அளவோடு எடுக்கச் சொல்கிறீர்கள்?*

பதில்: இரண்டும் அடக்கும் நொதிகள் வேறு வேறு. வலி மாத்திரைகள் பெரும்பாலும் தடுப்பது சைக்ளோ-ஆக்சிஜனேஸ் என்ற நொதியை. அது புராஸ்டாகிளான்டின் என்ற வலியூட்டும் பொருளை உருவாக்குகிறது. ஆஸ்பிரின் அதைத்தான் தடுக்கிறது என்று ஜான் வேன் என்ற மருந்தியல் ஆய்வாளர் 1971-இல் காட்டினார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வலி குறைவது உண்மை. ஆனால் அதே புராஸ்டாகிளான்டின், உழைப்புக்குப் பிறகு நாண் புதிய கொலாஜனைப் பின்னுவதற்கும் ஓரளவு தேவைப்படுகிறது. 36 கிலோமீட்டர் ஓடியவர்களின் முழங்கால் நாணைச் சோதித்த 2011 ஆய்வு ஒன்றில், போலி மாத்திரை எடுத்தவர்களிடம் கொலாஜன் உருவாக்கம் கூடியது. இண்டோமெதாசின் என்ற வலி மாத்திரை எடுத்தவர்களிடம் கூடவில்லை. தூங்க முடியாத வலிக்குச் சில நாட்கள் மாத்திரை எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. வேலைக்குப் போகும் முன் தினமும் ஒன்று போட்டுக்கொண்டு, வலி தெரியாமல் அதே கையை அதே அளவு உழைக்கவைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

ஸ்டீராய்டு எம்.எம்.பி.க்களின் உற்பத்தியையும் குறைக்கும்; கூடவே கொலாஜன் பின்னுவதையும், செல்களின் உயிர்ப்பையும் குறைத்துவிடும். இடிப்பவரையும் கட்டுபவரையும் ஒன்றாக வீட்டுக்கு அனுப்புவதுபோலத்தான். சில வாரங்களுக்கு நல்ல நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியைப் பயன்படுத்திப் பயிற்சியைத் தொடங்குபவருக்கு ஓர் ஊசி உதவியாக இருக்கலாம். ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவது நாணை மேலும் மெலியவைக்கும்.

*கேள்வி: ரத்தத்தில் இந்த நொதி எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதித்துக்கொள்ளலாமா?*

பதில்: வேண்டாம், வீண் செலவு. எம்.எம்.பி.க்கள் உடலெங்கும் சுரப்பவை. ரத்தத்தில் தெரியும் அளவு உங்கள் தோளில் ஒரு விரல் அகல நாணுக்குள் நடப்பதைச் சொல்லாது. கையால் தொட்டு, தூக்கி, எதிர்த்துத் தள்ளச் சொல்லிச் செய்யும் பரிசோதனையும், தேவைப்பட்டால் அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ போதும்.

*கேள்வி: எனக்கு 58 வயது. பளுவான வேலை எதுவும் செய்ததில்லை. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. எனக்கு எப்படி நாணில் கிழிசல் வந்தது?*

பதில்: அம்மா, மிகை உழைப்பு என்பது நாணின் வலிமையோடு ஒப்பிட்டுச் சொல்லும் சொல். நல்ல நாணுக்கு இயல்பான வேலை, வலுவிழந்த நாணுக்கு மிகையாகிவிடும். ரத்தத்தில் நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை, எந்த நொதியின் உதவியும் இல்லாமல் தானாகவே கொலாஜனோடு ஒட்டி, இழைகளுக்கு இடையே தேவையற்ற முடிச்சுகளைப் போட்டுவிடுகிறது. நல்ல முடிச்சுகளைப் போடுவதற்கென்றே உடலில் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி இருக்கிறது. தாமிரத்தின் துணையோடு, எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் அது முடிச்சிடும். சர்க்கரை போடும் முடிச்சுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. நாண் விறைத்து, இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக் கொடுக்க முடியாமல் போகிறது. வயதின் தேய்வும் இதோடு சேர்ந்துகொண்டால், அலமாரியின் மேல்தட்டில் பாத்திரம் வைப்பதே போதுமான காரணமாகிவிடும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருப்பதும் உங்கள் தோளுக்கான மருத்துவத்தின் ஒரு பகுதிதான். இன்னொன்று: உங்களைப் போன்றவர்களுக்குத் தோள் இறுகிப்போகும் நோயும் அதிகம் வருகிறது. கை எந்தப் பக்கமும் திரும்ப மறுத்தால் அது வேறு சிக்கல். தனியே பார்க்க வேண்டும்.

*கேள்வி: கொலாஜன் பொடி, வைட்டமின் சி மாத்திரை இவையெல்லாம் பயன்படுமா?*

பதில்: வைட்டமின் சி இல்லாமல் கொலாஜன் கயிறு முறுக்கேறி நிற்காது, புரோலில் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வேலை செய்ய அது தேவை. அது அடியோடு குறைந்தால் வருவதுதான், ஈறில் ரத்தம் கசிந்து பழைய புண்ணும் திறந்துகொள்ளும் ஸ்கர்வி நோய். ஆனால் அன்றாட உணவிலேயே போதுமான அளவு கிடைப்பவருக்கு, மேலும் மேலும் விழுங்குவதால் அந்த நொதி இரட்டிப்பு வேகத்தில் ஓடப்போவதில்லை. கொலாஜன் பொடியும் குடலில் அமினோ அமிலங்களாகவும் சிறு துணுக்குகளாகவும் உடைந்தே உள்ளே போகிறது. பயிற்சிக்கு முன் எடுத்துக்கொண்டால் சிறிது உதவலாம் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. பயிற்சி செய்யாமல் பொடியை மட்டும் குடிப்பவருக்குத் தரும் பலன் எதையும் நான் பார்த்ததில்லை.

*கேள்வி: என் கணவருக்கு முழுவதும் அறுந்த நாணைத் தைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் கையைக் கழுத்தில் மாட்டும் துணித் தொட்டிலில் வைக்கச் சொன்னார்கள். இழுவிசை இல்லாவிட்டால் நொதி கூடும் என்றால், இந்த ஓய்வே தையலைக் கெடுத்துவிடாதா?*

பதில்: நல்ல கேள்வி. நாணைத் தைத்த இடத்தில் முதல் சில வாரங்கள் இழையே இல்லை. ரத்தக்கட்டும் அழற்சிச் செல்களும் நிறைந்த, பதமான ஒட்டு மட்டுமே இருக்கிறது. அதை இழுத்தால் செல்லுக்குச் சேதி போவதற்கு முன்பே நூல் திசுவைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அதனால்தான் அந்தக் கட்டத்தில் ஓய்வு. அப்போதும் முழு அசைவின்மையைப் பலரும் விரும்புவதில்லை. அறுவை செய்தவர் இசைந்தால், தோள் தசையை இயக்காமல், மறுகையின் துணையோடோ பிசியோதெரபிஸ்டின் துணையோடோ கையை மெதுவாக அசைத்துக் கொடுப்பார்கள். முழங்கை, மணிக்கட்டு, விரல்களை முதல் நாளிலிருந்தே அசைக்கலாம். ஆறு வாரத்துக்குப் பின் தானே கையை உயர்த்துவது, ஏறத்தாழ மூன்று மாதத்துக்குப் பின் எடையோடு பயிற்சி என்பது வழக்கமான வரிசை. கிழிசல் பெரிதாக இருந்தால் இன்னும் தள்ளிப்போகும். மூன்றாவது வாரம் வலி குறைந்தவுடன், தையல் ஆறிவிட்டது என்று எண்ணித் தொட்டிலைக் கழற்றிப் போட்டுவிடுபவர்கள்தான் மறுபடியும் எங்களிடம் வருகிறார்கள். அவர் தொட்டிலைக் கழற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குறிப்பாக இரவில்.